கிடை வருமுன் ஒரு குரல்

பங்குனி 11, திங்கள்

மன்னிக்கணும் நோட்டே, இன்றைக்கும் ரொம்ப நேரமாகிவிட்டது. என் குட்டி யாழினி இப்போதுதான் கண்ணசந்தாள். இருமல் விடவில்லை. பகலெல்லாம் அனல் காற்று.

நாளைக்கு: இருமல் மருந்து. ஃபோன் ரீசார்ஜ். மாட்டுக்குத் தாது உப்பு. வீட்டுக்காரரிடம் பேசணும் (லாரி நாக்பூர் தாண்டியிருக்கும்).

போன வாரம் ஒரு மழை கொட்டியதோடு சரி. அந்த மழைக்கே, தையில் அறுத்த தீவனச் சோளத்தின் கட்டையெல்லாம் துளிர்த்துவிட்டது. பசுவந்தனை ரோட்டில் நின்று பார்த்தால் சுற்றிலும் வெறும் கரிசல். நடுவில் சுப்பையா அண்ணாச்சி நிலம் மட்டும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

விதை வந்தது என் வழியாக. கால்நடை ஆலோசனைக் குழுவுக்கு இந்த ஊரில் நான்தான் ஆள். குழுவின் மாட்டு டாக்டரம்மா வாட்ஸப்பில் குரலாக அனுப்புவார், வீடு வீடாகப் போய் நான் போட்டுக் காட்டுவேன். இவர்கள் கேட்பதைப் படத்தோடு அவருக்கு அனுப்புவேன். அவர் சொன்னது: கடைத் தீவனத்தைக் குறை, சொந்த நிலத்தில் பசுந்தீவனம் போடு, உர மூட்டைக்குப் பதில் ஆட்டுக்கிடை போடு. ஊரில் முதலில் காது கொடுத்தவர் அண்ணாச்சி.

இன்று கடை வாசலில்: "ஏம்மா செல்வி, டாக்டரம்மா சொன்னபடி கிடைக்குச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை வாராவ. ராத்திரி என் நிலத்துல அடைப்பாவ, எரு எனக்கு. பகல்ல துளிரு ஆட்டுக்கு. எப்படி?"

நல்லது அண்ணாச்சி என்றேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஒரு நிலையில் இல்லை.

செவ்வாய்

வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி நிலத்துக்குப் போனேன். துளிர் முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்குள் வாடல். நுனி சுருண்டு, பச்சை கறுத்து. தாவரவியல் படித்தபோது பரீட்சைக்கு வந்த கேள்விதான்: தண்ணீர் இல்லாமல் வாடும் இளஞ்சோளத்தில் சயனைடு ஏறும். பசியோடு மேய்கிற ஆடு நின்ற இடத்தில் விழும். அன்றைக்கு மார்க் வாங்கினேன். நேற்று ஏன் தோன்றவில்லை?

படம் எடுத்து நிமிர்ந்தால் யாழினி வாயில் ஒரு துளிர். எப்போது பறித்தாளோ. விரலை விட்டு எடுத்தேன், வாய் கொப்பளிக்க வைத்தேன், அழுதாள். சாயந்திரம் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. சப்பக்கூட இல்லை போல.

டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினேன். ஒற்றை டிக். கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். சிரித்தார்.

"அது நாட்டுச் சோளத்துக்கு உள்ளதும்மா. வாடுன சோளம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? இது தீவனச் சோளம்லா. மாட்டுக்குன்னே வந்த விதையில வெசம் எங்கன வரும்?"

"எல்லாம் சோளந்தான் அண்ணாச்சி."

"டாக்டரம்மா சொன்னாவளா?"

"இன்னும் பதில் வரல."

"பொறவு? நீதானம்மா சொன்ன, டாக்டரம்மா குரல்ல வராத எதையும் செய்யாதியன்னு?"

நான்தான் சொன்னேன். போன வருஷம் எவனோ பரப்பிய மெசேஜை நம்பி, வயிறு உப்பிய மாட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய்ச் சொன்ன சட்டம் அது. குரல் வந்தால்தான் செய்யணும். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

புதன்

மாரியம்மா மதினியின் வெள்ளாட்டுக் குட்டி செத்துப்போனது. காலையில் அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அண்ணாச்சி நிலத்து வரப்பில் கிடந்தது. வாயில் நுரை. பல்லிடுக்கில் பச்சை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு பளிச்சென்று சிவப்பு. வேறெப்படிச் செத்தாலும் வெளுத்துத்தான் இருக்கும், சயனைடுக்குத்தான் இந்தச் சிவப்பு.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "பாம்பு தொட்டிருக்கும்." "கடிவாய் எங்க?" "கரிசல் வெடிப்புல என்னென்ன கிடக்கோ, யாரு கண்டா."

சோளத் துளிர்தான் என்றேன். கூட்டத்தில் ஒரு குரல்: "செல்வி ஃபோனை ஆட்டுக் காதுல வச்சிருந்தா பிழைச்சிருக்கும்." சிரிப்பு. மதினி மட்டும் சிரிக்கவில்லை, குட்டியின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் டாக்டரம்மா அனுப்பிய பழைய குரலைத் தேடி எடுத்து அண்ணாச்சிக்குப் போட்டேன். 'பூ வந்த பிறகுதான் அறுக்கணும், இளசா அறுக்கக் கூடாது.' இரண்டு தடவை கேட்டார். "இது அறுக்கதுக்குச் சொன்னது. மேய விடாதேன்னு எங்க சொல்லுதாவ?" கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

அரசு கால்நடை மருந்தகம் போனேன். பூட்டு. அங்கே இருக்கிற டாக்டர் தடுப்பூசி முகாமுக்கு வேறு ஊர், சனிக்கிழமைதான் வருவாராம்.

குழு வாட்ஸப்பில் போட்டேன். கழுகுமலைப் பக்கம், கோவில்பட்டிப் பக்கம், என்னைப் போல ஊருக்கு ஒருத்தி. எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: டாக்டரம்மா சொல்லட்டும் அக்கா. கயத்தாறு அக்கா மட்டும் தனியாக எழுதினார்: டாக்டரம்மாவின் அம்மா ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ.வாம், ஃபோனை அணைத்து வைத்திருக்கிறார். பாவம். அதுவும் பாவம்தான்.

அத்தை மாவாட்டிக்கொண்டே: "ஏட்டி, நீயே டாக்டரம்மா மாதிரி பேசிப் போட்டா என்ன?"

"என் குரல் ஊருக்கே தெரியும் அத்தை."

"மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசு."

சிரித்துவிட்டேன். பிறகு உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு தடவை பொய்க்குரல் போட்டால் அடுத்த மண்ணெண்ணெய்க்கு யார் கேட்பார்கள்? போடவில்லை. சரியா தப்பா தெரியவில்லை.

இருமல் மருந்து இன்றும் மறந்துவிட்டேன்.

வியாழன்

சாயந்திரம் கிடை வந்துவிட்டது. முதலில் புழுதி, பிறகு மணிச்சத்தம், பிறகு நாய். ரோடு மறைகிற அளவு செம்மறி. எண்ண முடியாது. எல்லாம் ஒட்டிய வயிறு. வழியில் எங்கும் மேய்ச்சல் இல்லையாம்.

பாலத்துப் பக்கம் ஓடிப்போய் மறித்தேன். யாழினியை எடுத்துக்கொண்டேதான். கிடைக்குத் தலைவர் ஒரு பெரியவர், பெயர் மலையாண்டி. வெயிலில் கண் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். செத்த குட்டியையும்.

அவர் சொன்னார்: "தாயி, நிலத்துக்காரரு வாங்கன்னாரு, வந்துருக்கோம். வேற இடத்துக்கு ஓட்ட ஆட்டுக்குத் தெம்பில்ல. நீ சொல்றது மெய்யின்னா என் குடும்பமே போச்சு. பொய்யின்னா பசியில இதுக போச்சு. நான் எதை நம்ப?"

பின்னாலேயே அண்ணாச்சி. "பயப்படாதியும். டாக்டரம்மா சொல்லித்தான் விதைச்சேன், அவிய சொல்லித்தான் கிடையே கூப்பிட்டேன். வேண்டாம்னு அவிய வாயால சொல்லட்டும், அந்த நிமிசமே உழுதுபோடுதேன்."

மலையாண்டி அந்தப் பச்சையைப் பார்த்தார், பிறகு ஆடுகளை. கடைசியில் சொன்னார்: "இன்னைக்கு ராவு பக்கத்துத் தரிசுல அடைக்கிறேன். விடிஞ்சா பசி தாங்காது, திறந்துதான் ஆகணும். அதுக்குள்ள அந்தம்மாவைப் பேசச் சொல்லு தாயி."

அத்தையும் நானும் வீட்டில் மாட்டுக்கு வைத்திருந்த காய்ந்த தட்டை முழுவதையும் கொண்டுபோய்ப் போட்டோம். மதினியும் ஒரு கட்டு கொண்டுவந்தாள். அத்தனை வாய்க்கு அது எந்த மூலைக்கு.

இங்கே உட்கார்ந்திருந்தாலும் ஆட்டுச் சத்தம் கேட்கிறது. பட்டிக்கும் துளிருக்கும் நடுவே ஒரு வரப்புதான். காற்று அங்கிருந்து இங்கே அடிக்கிறது. துளிர் வாசனை அதுகளுக்கும் போகும்.

இப்போது குரலாக அனுப்பியது, இதற்கும் ஒற்றை டிக்தான். அழிந்துபோனாலும் இங்கே இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்:

டாக்டரம்மா, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? இந்த நேரத்தில் தொந்தரவு செய்கிறேன், மன்னிச்சிருங்க. மழைக்குத் துளிர்த்த தீவனச் சோளம் வாடிக் கிடக்கிறது. விடிந்ததும் கிடையைத் திறந்துவிடப் போகிறார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், அப்படி நான்தான் பழக்கி வைத்திருக்கிறேன். மேய விடாதீங்க என்று உங்கள் குரலில் ஒரு வார்த்தை போதும். ஃபோனைத் திறந்ததும் முதலில் இதைக் கேளுங்கள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.