நெட்டை விட்டுக்கொடுத்த இடம்

அன்பு மகளுக்கு,

உடம்பளவில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. மனசளவில் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். தங்கச்சி ஏன் என் போனை எடுப்பதில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று போன வாரம் கேட்டாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை கண்ணு. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்கே தெரியும், இங்கே தும்மினால் அங்கே கேட்கும், அவள் காதில் விழாமல் அவளைப் பற்றிப் பேச முடியாது. அதனால் கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில், முதலாளி சாப்பிடப் போயிருக்கும்போது, கவுண்டரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கண் பரிசோதனைக்கு வந்தால் நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

உன் தங்கச்சி வாத்துக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரியும். நடந்தது அதோடு முடியவில்லை. அவள் வகுப்பைப் பற்றி நீயே கிண்டல் செய்வாய், அங்கே கடைசி பெஞ்சே கிடையாது என்று. ஒவ்வொரு பிள்ளையும் பழைய பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, எல்லாரையும் ஒரே அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தால் யாராவது ஒருத்தர் கடைசியாகத்தானே ஆக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர் ஒளிக்காமல் சொன்னார், அந்தப் பெரிய கல்லூரிகள் உங்கள் பிள்ளையை ஊர் உலகத்தோடு ஒப்பிடாது, பக்கத்து நாற்காலியில் இருக்கிற பிள்ளையோடுதான் ஒப்பிடும், ஒரு பள்ளியிலிருந்து ஒன்றிரண்டு பேருக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்று. கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர்கள் மெதுவாகத் திரும்பிப் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த வகுப்பே மாறிப்போனது என்றாள் வாத்து. யார் எங்கே விண்ணப்பிக்கிறார்கள் என்று யாரும் வாய் திறப்பதில்லை, கம்ப்யூட்டர் பக்கம் யாராவது வந்தால் திரையை மூடிவிடுகிறார்கள், காய்ச்சல் என்று லீவு போட்ட பையன் நேர்முகப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் இருமி நடித்தானாம்.

அந்தக் கூட்டத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது இவளும் நெட்டையும்தான். நெட்டையை உனக்கு நினைவிருக்கும், டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாரே அவருடைய பெண், நம் வீட்டு வாசலில் குனிந்து வருகிற ஒரே ஆள். நீ போன பிறகு இன்னும் வளர்ந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் இங்கேதான் இருப்பாள். வாத்து அவளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பாள், நெட்டை இவள் எழுதியதைத் திருத்துவாள். கல்லூரிக்கு அனுப்பும் கட்டுரையை வாத்து முதலில் பாடப்புத்தகம் மாதிரி எழுதி வைத்திருந்தாள், கடல் உயிரினங்களின் முக்கியத்துவம் என்று. நெட்டை அதைப் படித்துக் கொட்டாவி விட்டுவிட்டு, உங்க அப்பா பிரிட்ஜிலிருந்து குளத்துத் தண்ணீரைக் குடிக்கப் பார்த்தாரே அதை எழுது என்றாளாம். ஆமாம், அது உனக்குத் தெரியாதே. இவள் எங்கிருந்தோ தண்ணீர் மொண்டுவந்து, அதில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இருக்கின்றன என்று பாட்டிலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்திருந்தாள். லிப்ட் வேலை முடித்து வியர்த்து வந்த அப்பா எடுத்து அண்ணாந்துவிட்டார், நல்லவேளை நாற்றம் காப்பாற்றியது. அதை எழுதினாள், டீச்சரே சிரித்துவிட்டு இதுதான் நீ என்றாராம்.

நெட்டைக்கு வாத்து ஆசைப்பட்ட அந்தக் கல்லூரியில் நாட்டமே கிடையாது, கட்டடம் வரைகிற படிப்புத்தான் வேண்டும் என்று அதற்கான கல்லூரிகளுக்குப் போட்டிருந்தாள். கடைசி நாளில் அவள் அப்பா, பேர் பெற்ற இடம், போட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்போதும் அந்தப் பெண் நேராக இங்கே வந்து இவளிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். வாத்து உடனே, தாராளமாப் போடு, கிடைச்சா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம் என்று சொன்னாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முடிவு வந்த அன்று இரண்டு பேரும் நம் வீட்டில்தான் இருந்தார்கள். வாத்துக்கு மற்ற கல்லூரிகள் அதற்கு முன்பே கையை விரித்துவிட்டன, நம் ஊர்க் கல்லூரி ஒன்றுதான் இடம் தருகிறேன் என்றது, அதனால் உயிரையே இதில் வைத்திருந்தாள். முதலில் இவளுடையதைத் திறந்தார்கள். காத்திருப்போர் வரிசை என்று வந்தது. நெட்டை தன்னுடையதைத் திறக்க மாட்டேன் என்று போனைத் தனக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். வாத்துதான் பிடுங்கித் திறந்தாள். இடம் கிடைத்திருந்தது. இவள்தான் முதலில் அவளைக் கட்டிப்பிடித்தாள், குதித்தாள், அவள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னதும் இவளேதான். நெட்டை போன பிறகு சமையலறைக்கு வந்து, நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தன் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தேன். மாடி வீட்டு அக்கா மறுநாள் வந்து எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர்தான், ஆனால் அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நெட்டை ஓடிவந்தாள், மூச்சு வாங்கியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "நான் அந்தக் காலேஜ வேண்டாம்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி. இனிமே அது வாத்துக்குத்தான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன், தெரியாது, கட்டடப் படிப்புக்கு வேறு ஊரில் இடம் கிடைத்துவிட்டது, எனக்கு அதுதான் பிடிக்கும் என்றாள். அவள் சொன்னதில் எவ்வளவு அவள் ஆசை, எவ்வளவு இவளுக்காக என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாத்து, உனக்கென்ன பைத்தியமா என்று அவளைத் திட்டினாள். திட்டும்போதே இவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அப்பாதான் இரண்டு பேரையும் உட்கார வைத்து, லிப்டில் ஒருத்தர் இறங்கினால் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்தான் ஏற வேண்டும் என்று இல்லைம்மா, அது எந்த மாடியில் போய் நிற்கிறதோ அங்கே இருக்கிறவர் ஏறிக்கொள்வார் என்று பதமாகச் சொன்னார். சொன்னாரே தவிர மறுநாள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி வெயிலில் வைத்தவரும் அவர்தான். நான் கடையில் வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டே, போன் அடிக்கிறதா என்று ஒரு காதை அங்கேயே வைத்திருப்பேன். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பிறகு கல்லூரியிலிருந்து தகவல் வந்தது, இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, காத்திருப்போர் வரிசை முடிந்தது, உன் ஆர்வத்துக்கு நன்றி என்று. நெட்டை விட்ட இடத்தில் எந்த ஊர்ப் பிள்ளை போய் உட்கார்ந்ததோ, அதுவும் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

அதற்கப்புறம்தான் நெட்டையின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. நம் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தேவலை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "தங்கச்சி, அவ சின்னப் பொண்ணு, அவளுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவள் வரும்போதே முடித்துவிட்டுத்தான் வந்தாள் அண்ணா என்றேன். அது உண்மைதான், ஆனால் என் வாயிலிருந்து வரும்போது உண்மை மாதிரி கேட்கவில்லை. அப்பா அவர் தோளில் கை வைக்கப் போனார், அவர் ஒதுங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். எத்தனை வருஷப் பழக்கம், உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இப்போது தெருவில் பார்த்தால் பார்க்காத மாதிரி போகிறார்.

வாத்து அன்றையிலிருந்து நெட்டையிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வாள், போனை எடுப்பதில்லை, உன் போனையும்தான். நெட்டை ஹாலில் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்துவிட்டுப் போவாள். தனக்கும் கிடைக்காமல் இவளுக்கும் கிடைக்காமல் செய்துவிட்டதால்தான் வாத்துக்குக் கோபம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நன்றிகெட்டதனமாக இருக்கிறாயே என்று இவளைத் திட்டக்கூடச் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நெட்டை தன் கல்லூரிக்குக் கிளம்பினாள். வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த வாத்து கடைசி நிமிஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள். நெட்டையின் அப்பா எங்களைப் பார்த்ததும் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். வாத்து அவள் பையை வாங்கித் தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்தாள், ஜன்னல் கண்ணாடி இறங்காமல் மக்கர் பண்ணியதை இழுத்து இறக்கிவிட்டாள். நெட்டை ஜன்னல் வழியாகக் குனிந்து, இன்னும் கோபமா என்று கேட்டாள். இவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் போய்விட்டது. அவள் அப்பாவும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகலாம் வா என்றேன், வரவில்லை, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். இடம் கிடைக்காவிட்டால் என்ன, நம் ஊரிலேயே படித்து அப்புறம் மேலே போகலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "இடத்துக்காக அழலம்மா. அவ விட்டுட்டேன்னு வந்து நின்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அவளப் பத்தி ஒண்ணுமே தோணல. அதான் அவ மொகத்தப் பாக்க முடியல" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று மழுப்பலாம், பதினேழு வயசுப் பிள்ளையை மழுப்ப முடியாது. "நானுந்தான்டி சந்தோஷப்பட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, நம் ஊர் டவுன் பஸ்கள் வந்து வந்து போயின.

இனி நீ அவளைக் கூப்பிடும்போது ஆறுதல் எதுவும் சொல்லாதே, ஆளாளுக்குச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். உன் ஆஸ்பத்திரிக் கதை ஏதாவது சொல்லு, சிரிக்க வைக்கப் பார், எடுக்கவில்லை என்றால் மறுபடியும் கூப்பிடு. நான் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே. வருகிற திங்கட்கிழமை நம் ஊர்க் கல்லூரியில் அவளுக்கு வகுப்பு தொடங்குகிறது. நீ நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறாய், நல்ல செருப்பு வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இந்த மாசமாவது வாங்கு. தண்ணீர் குடிக்க மறக்காதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது, நோய்நொடி இல்லாமல், உன்னைப் புரிந்துகொள்கிற மனுஷர்கள் சூழ நீ இருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நெட்டை போய்ச் சேர்ந்ததும் முதல் செய்தி அவள் வீட்டுக்குக்கூட இல்லை, இவளுக்குத்தான் அனுப்பியிருக்கிறாள், பஸ்ஸில் தூங்கிவிட்டேன், கழுத்து பிடித்துக்கொண்டது, ரூமில் ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்று. இவள் இன்னும் பதில் போடவில்லை. தினமும் அதைத் திறக்கிறாள், ஏதோ எழுதுகிறாள், அழித்துவிடுகிறாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா