நீச்சல் தெரியாத முத்துக்குளிப்பவள்

அன்புள்ள சியோரிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அக்டோபர் முடியப்போகிறது, விரிகுடாவில் தண்ணீர் இன்னும் குளிரவில்லை. ஜெர்மனியில் பனி விழத் தொடங்கியிருக்கும், உன் இருமல் விட்டதா என்று எழுது. போனில் கேட்டால் எல்லாம் சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், என்னையும் முடிக்க விடுவதில்லை, அதனால்தான் கடிதம்.

இந்தக் கோடையிலும் குஞ்சுச் சிப்பிகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அப்பா தெப்பத்திலிருந்து வலையைத் தூக்கினால் வாய் பிளந்த ஓடுகள்தான் வருகின்றன. முதலாளி எங்களைக் கூட்டி வைத்து, வெளியில் மூச்சு விடக்கூடாது, சந்தையில் பெயர் கெடும் என்றார். பிறகு, வருஷா வருஷம் சிப்பிகளின் ஆன்மாவுக்காக நடக்கிற பூஜையில் அவரே முதல் வரிசையில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். செத்த சிப்பிக்குப் பூஜை உண்டு, சிப்பி இல்லையென்று வேலையை விட்டு நிறுத்திய பெண்களுக்கு ஒரு கோப்பை தேநீர்கூடக் கிடையாது. நான் தப்பினேன், பக்கத்து மேசை ஹட்சுமியும் தப்பினாள். அவள் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், இப்போதுதான் உன் மூஞ்சி இவ்வளவு சுருக்கம்னு தெரியுதடி என்கிறாள்.

அங்கே நீ செய்த நகை போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்த செய்தி இங்கே எல்லோருக்கும் தெரியும். வளர்ப்பு முத்துக்கான போட்டி, அதிலும் நம் விரிகுடாப் பெண் என்று ஊர்ச் செய்தித்தாளில் படத்தோடு போட்டார்கள். அப்பா அதைத் தெப்பக் கொட்டகையில் ஒட்டியிருக்கிறார். வெள்ளிக் கயிறு கழுத்திலிருந்து இடுப்பு வரை இறங்கி, நுனியில் ஒற்றை முத்து. பெயர் ‘அம்மாவின் மூச்சு’. கயிறு எதற்கு, மூச்சு எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நகைக்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் கோபேயிலிருந்து போட்டிக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். குராமோச்சி என்று ஒருவர், நல்ல தோல் காலணி, அதில் சேறு படாமல் நடப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. நான் கொட்டகையில் மேசை விளக்கைப் போட்டு, சிப்பியைப் பிடிப்பானில் வைத்து அதன் வாய் மூடாமல் ஆப்பு சொருகித் தயாராக வைத்திருந்தேன், என் வேலையைத்தான் எடுப்பார்கள் என்று. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே என்றார். பெட்டியைத் திறந்து வெள்ளை உடுப்பை எடுத்தார். தலைத்துணி, முகக்கண்ணாடி, மரத்தொட்டி எல்லாம் இருந்தது. இதைப் போட்டுக்கிட்டு கடல்ல இறங்குங்க, பொண்ணு நிக்கிற மேடையில இதைத்தான் காட்டப்போறோம் என்றார். நான் கடலில் மூழ்கும் அமா இல்லை ஐயா, நாற்காலியில் உட்கார்ந்து, முத்து விளைய சிப்பிக்குள் கருமணி வைக்கிறவள் என்றேன். கூச்சப்படாதீங்கம்மா, உங்க பொண்ணே எல்லாம் சொல்லிட்டாங்க, அம்மா மூழ்கி மூழ்கித்தான் என்னை வளர்த்தாங்கன்னு, அந்தக் கயிறே உங்க இடுப்புக் கயிறுதானாமே என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஹட்சுமி, அடியே ரிட்சுகோ, உனக்கு நீச்சலே தெரியாதேடி என்று காதருகில் சொன்னாள், நல்ல வேளை அவருக்குக் கேட்கவில்லை. ஊரான் முன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். நிஜமாக மூழ்குகிற பெண்கள் எல்லாம் கறுப்பு ரப்பர் உடுப்புக்கு மாறி எத்தனையோ காலம் ஆயிற்று, அந்த வெள்ளை சுற்றுலாக்காரர்களுக்குத்தான். இடுப்பளவு தண்ணீரில் நான் தெப்பத்தின் விளிம்பை விடவில்லை. அப்பாதான் தெப்பக் கயிற்றை என் இடுப்பில் கட்டி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில். குராமோச்சிக்கு ஒரே சந்தோஷம், பாருங்க, புருஷன் கயிறு பிடிக்கிற அந்தக் காலத்து வழக்கம் இன்னும் இருக்கு, எடு எடு என்று கத்தினார். பிறகு, மூழ்கி எழும் அமாக்களைப் போல மூச்சை விட்டு விசில் அடிக்கச் சொன்னார். எனக்கு இருமல்தான் வந்தது. படகுத்துறை முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை, கொட்டகைக்குப் போய் அந்தச் செய்தித்தாள் படத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோறு தின்றார்.

உன் நகை அழகாகத்தான் இருக்கிறது, அதில் நான் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக மேசைக்கடியில் உட்கார்ந்து சிப்பி ஓடுகளை அடுக்கி விளையாடியிருக்கிறாய், உன் அம்மாவுக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்த பொம்பளையை வைத்து ஒரு நகை செய்ய முடியாதா? எங்கள் பிடிப்பானையும் ஆப்பையும் பார்த்தால் வாங்குகிறவர்களுக்கு முத்து கசக்குமா? அவர்களுக்குக் கடல் வேண்டும், வெள்ளைத் துணி வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிற கொட்டகை வேண்டாம். அதை அந்தக் குராமோச்சி சொல்லலாம். நீ சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரியில் கோபே மேடையில் அந்த உடுப்போடு நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டுமாம், அதற்காக அதை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார்கள். நான் நிற்கமாட்டேன். அதற்கு முன் அவர்களிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு. சொன்னால் பரிசு போகலாம், அது எனக்கும் தெரியும். நான் யாருக்கும் போன் போட்டுச் சொல்லப்போவதில்லை. சாம்பல் நிறக் கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன், எப்படியும் கோபேக்கு வருவேன். மேடைக்குக் கீழே நாற்காலியில்தான் இருப்பேன்.

இத்துடன் வரும் பார்சலில் கருவாடும் கடற்பாசியும் இருக்கின்றன, கடற்பாசியை ஈரம் படாமல் வை. அடியில் அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறேன். போட்டுப் பார், உனக்கு அளவாகத்தான் இருக்கும். நீயே அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

இரவில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டாமல் படுக்காதே. உடம்பும் கையும் கண்ணும் உனக்கு நன்றாக இருக்கட்டும்.

உன் அம்மா,
ரிட்சுகோ

(அப்பா எதுவும் எழுதவில்லை என்றார். கருவாடு அவர் கட்டியது.)