கருப்பி ஒட்டிய தகடுகள்

ஐப்பசி 9, செவ்வாய்

கருப்பி, விடியும்போதே தூறல். டேங்க் அடியில் உன் மிஷின் ரூமைத் திறக்கப் போனேன். கதவு ஊறிப்போய் நகரவில்லை. தோளால் இடித்துத் திறந்தேன். தண்ணியில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற மீட்டரில் 910. நேற்று 880. நோட்டில் 310 என்று எழுதினேன்.

ஐந்தாவதோடு நின்றவளுக்குப் பொய் எழுத மட்டும் வருகிறது பார். உன்னோடு காலேஜில் படித்த பிரேமா, தினமும் மீட்டர் எழுதச் சொல்லிக் கொடுத்த நோட்டு இது. முன்பக்கம் அந்தப் பொய். பின்பக்கம் உனக்கு.

இன்று: ரூம் கூட்ட. ரேஷன். மாட்டுக்குத் தவிடு. உங்கப்பாவுக்கு முட்டித் தைலம்.

சரோஜா குடத்தோடு வந்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினாள். "ஏங்க்கா, தண்ணி கரிக்குது."

"கரியில ஊத்துன தண்ணி கரிக்காம, இனிக்கவா செய்யும்?" வரிசையில் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். நானும். நீ இருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய், பல் கறை தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு. போர் தண்ணி குடித்து வளர்ந்த இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சிரிக்கும்.

ஐப்பசி 10, புதன்

வெயில். துணி காய்ந்துவிட்டது. மீ. 925. நோட்டில் 312. (ஒரே நம்பர் எழுதினால் சந்தேகம் வரும்.)

தகடு இருபத்து நாலு. கொட்டாங்கச்சிக் கரியை அரைத்து, பசை கலந்து, நம் வூட்டிலேயே உட்கார்ந்து நீ ஒட்டியவை. கையுறை போட்டால் வேர்க்கிறது என்று கழற்றி எறிவாய். ஏழாவது தகட்டின் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

சுவிட்சுக்கு மேலே "பிடி", கீழே "விடு". வெள்ளை பெயிண்ட், உன் எழுத்து. மேலே தள்ளினால் கரண்டு ஏறி, கரித்தகடு தண்ணியில் இருக்கிற உப்பைப் பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணி வரும். கால் மணிக்கு ஒருதரம் கீழே தள்ள வேண்டும். கரண்டு திரும்பும், பிடித்த உப்பையெல்லாம் தகடு விட்டுவிடும், அந்தத் தண்ணி சாக்கடைக்கு. "வயிறு முட்டத் தின்னா கக்கித்தானே ஆவணும்மா" என்று எனக்குச் சொன்னாய்.

ஆடியில் எட்டு நாள் காய்ச்சல். எட்டாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கி உனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பிழைத்துக்கொண்டாள் என்று நெற்றியில் முத்தம் வைத்தேன். உதட்டில் உப்பு. சாயங்காலம் நீ இல்லை.

காரியம் முடிந்து ரூமுக்கு வந்தேன். கால் மணி ஆனது. சுவிட்சைக் கீழே தள்ளப் போன கை நின்றுவிட்டது. வேர்வையும் உப்புதானே. இந்தத் தகட்டில் உன் கை வேர்வை எத்தனை ஊறியிருக்கும். அதையா சாக்கடைக்கு விடுவது?

முதலில் அரை மணிக்கு ஒருதரம் விட்டேன். அப்புறம் ஒரு மணிக்கு. இந்த மாதம் காலையில் ஒரே தரம், தள்ளி உடனே தூக்கிவிடுகிறேன்.

ஐப்பசி 12, வெள்ளி

மூட்டம். தலைவலி. மீ. 960. நோட்டில் 308.

ரூமில் டம்ளர் மேல் கறுப்பாக ஒரு விரல் பதிவு. என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையது பெரிது. கழுவவில்லை. தகடுகளுக்கு நடுவே தண்ணி போகிற சத்தம், நீ சுடுசோற்றை ஊதுகிற மாதிரி. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது. உங்கப்பா அதையே பிசைந்து தின்றார்.

சாயந்திரம் சரோஜா தனியாக வந்தாள். மருமகளுக்கு ஆறு மாதம். போர் தண்ணி கொடுக்காதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம்.

"நோட்டுல நீ எழுதி வெச்சிருக்கறதப் பாத்துத்தாங்க்கா அவளுக்கு இதையே குடுக்கறேன். நெசந்தானே?"

நிஜம் என்றேன்.

குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தவளும் நான்தான்.

ஐப்பசி 13, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சாப்பிடவில்லை. பிரேமாவுக்கு போன் செய்தேன். தண்ணி சரியில்லை, வா என்று மட்டும்.

ஐப்பசி 15, திங்கள்

நல்ல மழை. பிரேமா மாரண்டஹள்ளியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து நனைந்துகொண்டே வந்தாள். துவட்டத் துண்டு கொடுத்தேன். உன் துண்டு. அவளுக்குத் தெரிந்தது.

அவள் மீட்டரைத் தண்ணியில் வைத்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி மீட்டரை. தகடுகளைக் கழற்றினாள். கரி மேல் வெள்ளையாகப் பொருக்கு.

"எத்தினி நாளா விடாம வெச்சிருந்தீங்கம்மா?"

சொன்னேன். எல்லாம். வேர்வையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ வேர்வை இருந்திருந்தாலும் மொத நாளே போயிருக்கும்மா. அவளே தள்ளி வுட்டிருப்பா."

எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று போட்டோம். பொருக்கு போனால் தகடு பிழைக்கும். கரி உரிந்து வந்தால் புதுசுதான் போட வேண்டும் என்றாள்.

அப்புறம் சரோஜா வூட்டுக்கு நானே போனேன். பிரேமா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நோட்டில் இருந்தது பொய் என்று வாசலில் நின்று சொன்னேன். சரோஜா உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து என் காலடியில் ஊற்றினாள்.

"உம் பொண்ணு செத்துட்டான்னு எம் பேரப்புள்ளைக்குமா குடுத்த?"

மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பெண். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஐப்பசி 16, செவ்வாய்

மழை விட்டது. பதினேழு தகடு பிழைத்தது. மீதி ஏழில் கரி உரிந்துவிட்டது. உன் விரல் ரேகை இருந்ததும் அதில் ஒன்று. பக்கெட் அடியில் வெறும் கறுப்புச் சேறு. கையை விட்டு அளைந்தேன். பிரேமா பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கொண்டுவந்திருந்த புதுத் தகட்டில் ஏழைச் சேர்த்து மாட்டினாள். எல்லாம் ஒரே அளவு, ஓரம் நேராக. உன்னுடையது கோணல்.

கால் மணி ஆனது. "நீங்களே தள்ளுங்கம்மா" என்றாள். தள்ளினேன். கழிவுக் குழாயில் கலங்கலாக வந்து, வெளுத்து, அப்புறம் தெளிந்தது. மீ. 330. நோட்டில் 330. முன்பக்கத்துப் பழைய நம்பர்களை எல்லாம் அடித்துவிட்டேன்.

வரிசைக்கு நாலு பேர். சரோஜா வரவில்லை.

பிரேமா பஸ் ஏறிப் போனாள். அப்புறம் நான் மட்டும். இதுவரை ஆறு தரம் விட்டாயிற்று. ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

கருப்பி, நீயே ஒட்டின தகட்டுக்கு மொத நாள் நீ சுவிட்சைக் கீழே தள்ளி விட்டபோது, உன் கை கொஞ்சமாவது நின்றதா?