நாற்பத்திரண்டு அங்குலம்

மார்ச் 3
இன்று முதல் எதிர்கால மனித குலம் என் உடம்பில் தொங்குகிறது. மிகையில்லை. அக்கா மகள் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனிக்காக, ஐம்பது வருஷம் கழித்து ஆண்கள் சும்மா போட்டுக்கொண்டு திரியப்போகும் உடுப்புகளைப் பன்னிரண்டு தினுசில் தைக்கிறாள். கம்பெனியின் நடு அளவு, மார்பு நாற்பத்திரண்டு. ஈரேழு உலகத்திலும் அந்த அளவு அச்சாக அமைந்த ஒரே ஆண்மகன் நான். தையல்கடைப் பொம்மைக்குக் கை தூக்கத் தெரியாதாம்; எனக்குத் தெரியும்.

பொத்தானே இல்லாத சட்டை. வெயில் பட்டால் தானாக எழும் காலர்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க மாமா."

"ஏம்மா, எதிர்காலத்துல தொப்பை இருக்குமா?"

"உங்களை வச்சுத் தைக்கிறேனே, இல்லாம போகுமா?"

ஏப்ரல் இருபது தேர்வுக் குழு. தேறினால் அவள் பெயரிலேயே கடைக்கு வரும். இல்லாவிட்டால் பழையபடி டீ-ஷர்ட்டில் வாசகம் எழுதும் வேலை.

மார்ச் 11
ஐந்து முடிந்தது. ஆறாவதுக்கு அளந்தால் நாற்பத்தொன்று. "டேப் இழுத்துக்கிச்சு போல" என்று புது டேப் வாங்கப் போனாள்.

மார்ச் 14
உடம்பு இளைக்கிறதே என்று போனால், மருத்துவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "ஏப்ரல் இருபது கழியட்டும், உலகமே என் மார்பை நம்பி இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 18
உள்ளே இரண்டு பனியன். நாற்பத்திரண்டு! நோட்டில் பேனாவால் கொட்டை எழுத்தில் குறித்தாள்.

ஏப்ரல் 9
மூன்று பனியன், மேலே சுற்றி ஒரு துண்டு. ஏழு கடலும் என் வேர்வையிடம் கடன் கேட்கும். பன்னிரண்டாவதும் முடிந்தது. சொல்லியிருக்கணுமோ? இன்னும் பதினொரு நாள்தானே.

ஏப்ரல் 16
கம்பெனியின் மாடல் ஒருவர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாராம். முதல் ஐந்தும் கனகச்சிதம். மற்ற ஏழிலும் அக்குளில் பை போல ஒரு தொங்கல், கடைசியில் தைத்தவற்றில் முதுகில் ஒரு மேடும். துண்டின் முடிச்சு இருந்த அதே இடம்.

நேராக வீட்டுக்கு வந்தாள். "சட்டையைக் கழட்டுங்க மாமா."

இளைத்தது அக்கா கண்ணில் படக்கூடாதென்று வீட்டிலும் பனியன்கள்தான். ஒன்றொன்றாக உரித்தாள். டேப்பைச் சுற்றினாள். முப்பத்தெட்டு.

"ஏன் சொல்லல?"

"நீ முடிச்சிடட்டும்னு..."

"யாரோ போடப்போற சட்டை மாமா அது. இல்லாத ஒரு உடம்புக்குத் தைக்க வச்சிட்டீங்க நீங்க."

தப்புதான். என்னத்த எழுத. அவ அழுதா — எனக்கு ஒரு ஜோக்கும் வரல.

ஏப்ரல் 17
ஸ்கேன். கூடவே வந்தாள். இன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஏப்ரல் 20
ஐந்தை மட்டும் காட்டினாளாம். எடுத்துக்கொண்டார்கள். பெயர் போட மாட்டார்கள். மீதி ஏழும் தேறினால் அடுத்த முறை பார்க்கலாமாம். போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மே 6
ஏழுக்கும் இப்போது வேறு ஆள் நிற்கிறார். அசைவதே இல்லையாம், வாயே திறப்பதில்லையாம். பாவம், எதிர்காலம்.

நான் போட்டிருந்த ஆஸ்பத்திரி அங்கியைப் பார்த்து, "இதை யாரு வெட்டினது?" என்று முகம் சுளித்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்தாள். மூச்சை இழுத்து மார்பை விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. முப்பத்தேழு.

நோட்டில் பென்சிலால் எழுதினாள்.

"பேனா என்னாச்சு?"

"ஏறினா அழிக்கணும்ல, மாமா."