வெளிநாட்டுக் கொட்டைக்கு எதிரான தீர்மானம்

கந்தர்வக்கோட்டை,
ஆவணி 3

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி செல்வராணி எழுதுவது. நானும் நம் மகள் கார்த்திகாவும் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் உங்கள் அறையே சேர்ந்து கேட்கிறது. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் சேவுகன் அண்ணனிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

சுதந்திர தினத்தன்று கிராமசபைக்குப் போனேன். அந்தப் பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் மூக்கன் சித்தப்பா எழுந்து, ஆப்பிரிக்காக் கொட்டை வந்து இறங்குவதால் நம் கொட்டைக்கு விலை இல்லை, அரசாங்கம் அதை நிறுத்த வேண்டும் என்றார். அவர் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து ஊர் யோசித்த வேகம் இருக்கிறதே! கொட்டை நின்றால் விலை ஏறும், விலை ஏறினால் கூலி ஏறும், கூலி ஏறினால் வெளிநாடு போன ஆண்கள் எல்லாம் திரும்பி வருவார்கள். டீ ஆறுவதற்குள் நாட்டின் பொருளாதாரம் சரியாகிவிட்டது.

பிச்சை அண்ணன் ஷெட்டில் என்னோடு கொட்டை உடைக்கும் செங்கமலம் அக்கா பக்கத்தில் இருந்தார். ஊர்க் கொட்டை ஆனியோடு தீர்ந்துவிட்டதே, இப்போது நாம் உடைப்பது எந்த ஊர்க் கொட்டை என்று கேட்டேன்.

“அது நம்ம ஷெட்டுக் கொட்டைடி. இவரு சொல்றது வெளிநாட்டுக் கொட்டைய” என்றார்.

அதையே தீர்மானமாக்கி, ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் ஷெட் பெண்கள் அத்தனை பேரும் தூக்கினோம். தூக்கிய கையெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கறுத்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறை, எல்லாம் தூத்துக்குடியில் இறங்கிய கொட்டையின் கறை. எங்கோ ஒரு காட்டில் காய்த்தது கடல் தாண்டி வந்து நம் வீட்டில் உலை வைக்கிறது. நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மறுநாள் பிச்சை அண்ணன், அந்தக் கொட்டை நின்றால் அடுத்த பங்குனியில் ஊர்க் கொட்டை வரும்வரை ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். செங்கமலம் அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

“தீர்மானந்தானண்ணே போட்டோம். நிறுத்தவா சொன்னோம்?”

நான் சுத்தியலை எடுத்து அடுத்த கொட்டையை உடைத்தேன்.

அங்கேயும் உள்ளூர் ஆட்களுக்குத்தான் வேலை என்று சட்டம் வருகிறது, உங்கள் விசா புதுப்பிக்காமல் மேனேஜர் மேசையில் கிடக்கிறது என்று போன வாரம் சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயும் கூடிப் பேசி முடிவு செய்திருப்பார்கள். உங்கள் கேன்டீனில் நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பேசியவர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம் மாமா. வெளிநாட்டு ஆள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். உங்களைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்களுக்குப் பிடித்ததைப் பார்த்துச் சமைத்துப் போடுங்கள். மேனேஜருக்கும் கொஞ்சம் ஊறுகாய் வையுங்கள். அந்தப் பெரிய காளி உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் செல்வராணி