ஒரே மாத்திரையைத்தான் தின்றோம்

என் அருமைத் தம்பி பாண்டிக்கு,

நீ போன பிறகு உன்னிடம் பேசவே எனக்குக் கூச்சம். உன் படத்துக்கு முன்னால் நின்றால் தலை தானாகக் குனிந்துவிடும். தப்பு ஒன்றும் செய்யவில்லை. உயிரோடு இருந்தேன், அவ்வளவுதான்.

வாடிப்பட்டியில் நம் இருவருக்கும் ஒன்றாகத்தானே குளிர்காய்ச்சல் வந்தது? மலேரியாக்காரர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போனார். பிறகு வந்து மாத்திரை கொடுத்தார். அம்மா இருவர் வாயிலும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். நான் தேறிப் பள்ளிக்கூடம் போனேன். உனக்குக் கண் மஞ்சளானது. "அக்கா, ஒண்ணுக்கு காப்பித்தண்ணி மாதிரி போகுது" என்றாய். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் நீ தங்கவில்லை.

துக்கத்துக்கு வந்த அத்தை என்னைப் பார்த்தே அழுதாள். "பொட்டப்பிள்ளைய விட்டுட்டு ஆம்பளப்பிள்ளைய கொண்டு போயிட்டானே." யாரும் மறுத்துப் பேசவில்லை, அம்மாவும்கூட. அதன்பின் வயிறாரச் சோறு தின்னவே எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது நீ தாய்மாமன், தெரியுமா? என் மகனுக்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய சேலையில் தொட்டில் கட்டினோம். பிள்ளை மஞ்சளாகித் துவண்டான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "உங்கம்மா வழியில ஆம்பளப் பிள்ளைக யாருக்காவது இப்படி வந்துச்சா?"

பக்கத்தில் என் மாமியார். சொன்னால் எங்கள் ரத்தமே கெட்டது என்பாரே. ஆனாலும் உன் பெயரைச் சொன்னேன். காப்பித்தண்ணியையும் சொன்னேன்.

பிள்ளையைச் சுற்றி எடுத்துவந்த தொட்டில் சேலையில் அந்துருண்டை வாடை அடித்ததும் அதை உடனே அப்புறப்படுத்தினார்கள். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றினார்கள். அவன் கண் திறந்த பிறகு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னார்:

"ரத்தத்தைத் துருப்பிடிக்காம காக்குற சத்து ஒண்ணு இருக்கு. அதை உண்டாக்குற வித்து ஆம்பளைக்கு அம்மாகிட்ட இருந்து மட்டுந்தான் வரும். அது பழுதா இருந்தா வேற வழியில்ல. பொம்பளைக்கு அப்பாகிட்ட இருந்தும் ஒண்ணு வரும். ஒண்ணு பழுதானாலும் பெரும்பாலும் இன்னொண்ணு காப்பாத்திரும். மலேரியாவுக்குக் குடுக்குற சில மாத்திரையும் அந்துருண்டையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, ரத்தம் உடைஞ்சு ஒண்ணுக்குல கருப்பாப் போயிரும்."

அம்மா கேட்டாள்: "அப்ப நாந்தான் குடுத்தேனா?"

"தெரிஞ்சா குடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "நானுந்தாம்மா குடுத்திருக்கேன்." அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். நீ போன பிறகு அவள் என்னைத் தொட்டு அழுதது அன்றுதான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான், தம்பி. வெட்கம் மட்டும் போகவில்லை. நீ பட்ட பாட்டைச் சொன்னதால்தான் அவனுக்கு நேரத்தில் வைத்தியம் நடந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். சந்தோஷப்படும்போதே கூசுகிறது. அக்காவாக இருந்துகொண்டு இப்படிச் சந்தோஷப்படலாமா?

பேரையூரில் அம்மாவின் தங்கை, நம் சின்னம்மாவின் மகள் வள்ளி முழுகாமல் இருக்கிறாள்; அந்தப் பழுது அவளிடமும் இருக்கலாம். "இந்த ரத்தக் கோளாற வெளிய சொல்லாத தாயி, அம்புட்டுப் பேரும் ஒரு மாதிரி பேசுவாக" என்கிறாள் சின்னம்மா. வருகிற வாரம் பேரையூருக்குப் போகிறேன். வள்ளியிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுவேன். கூச்சத்தோடுதான் சொல்வேன். ஆனால் உன் பெயரை மறைக்கமாட்டேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்கா,
தனம்