கூடையில் பிளாஸ்டிக் பப்பாளி

அக்டோபர் 3
இருட்டும்வரை ஓட்டல் வாசலில் நின்றேன். மூன்று நிறப் பாவாடை, தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடை நிறையப் பிளாஸ்டிக் பழம். நிஜப் பழத்துக்கு ஈ வருகிறதாம். கூவவும் கூடாது, விருந்தாளிகள் தூங்குகிறார்கள். கார்த்தஹேனாவுக்குக் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தெருவில் பழம் கூவி விற்ற வாய்க்கு இப்போது சிரிக்க மட்டும்தான் வேலை.

அக்டோபர் 9
நாத்தனார் சுனில்டா வந்தாள். தோரீசெஸ் பேட்டையில் நான் கூவி விற்ற தெருவை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தி தெருவில் இன்னொருத்தி கூவ மாட்டோம். ஆனால் நவம்பர் திருவிழாவுக்குள் திரும்பாதவளுக்கு அந்தத் தெரு இல்லை.
"வர்றீங்களா இல்லையா, சொல்லிடுங்க அண்ணி. நான் வெயில்ல காயறேன், நீங்க ஏசி காத்து வாங்குறீங்க."
வாசலில் ஏது ஏசி! கதவு திறந்தால் முதுகில் கொஞ்சம் படும், அவ்வளவுதான்.

அக்டோபர் 10
எனெய்தா அக்காவிடம் சொன்னேன். இந்த வேலையை வாங்கித் தந்தவள், அதே ஓட்டலில் அறைகளுக்கு மேற்பார்வை. "என் பேரைக் கெடுத்துட்டுத்தான் போவியா? முட்டி தேய நடந்ததெல்லாம் மறந்துபோச்சா?"
மறக்கவில்லை. நடந்தாலும் வலி, நின்றாலும் வலி. எங்கேதான் போவேன்?

அக்டோபர் 17
மழை. கூரைக்கு அடியில் நின்று சிரித்தேன்.

அக்டோபர் 24
எவரிஸ்தோ ஐயா வந்தார். என் தெருவில் பழைய வாடிக்கை. ஓட்டல் இருக்கிற பழைய கோட்டைக்குள் எதற்கோ வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.
"நெல்சி! எங்கம்மா போயிட்டே? நல்லாப் பழுத்த பப்பாளியா ஒண்ணு குடு."
கேட்டதும் பழக்கதோஷம் — கூடையை இறக்கிவிட்டேன். அவரும் பழக்கம்போல் எடுத்து அழுத்தினார். முகர்ந்தார். மெதுவாகத் திருப்பி வைத்தார்.
"பரவால்லம்மா."
திட்டித் தொலைச்சிருக்கலாம் மனுஷன்! மானமே போச்சு. என்ன பொழப்பு இது?
கூடையை ஏன் இறக்கினாய் என்று மேனேஜர் வேறு.

நவம்பர் 2
பாவாடையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா முகம் கொடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

நவம்பர் 8
தெருவில் கூவிக் கூவிக் குரல் கட்டிவிட்டது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.
எவரிஸ்தோ ஐயா பப்பாளியை அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. "இப்படி அழுகினதையா என் தலையில கட்டுவே? வெக்கமா இல்ல உனக்கு?" என்று தெருவே கேட்கத் திட்டினார். நான் சிரித்தேன். யாரும் படம் எடுக்கவில்லை.